தடத்தில் வராதவர்கள்

தடத்தில் ஒருவருடைய பெயர் வந்துவிட்டால், அதன்பின் அந்தப் பெயரை யாரும் உச்சரிப்பதில்லை. பாளையங்கோட்டையில் இருந்த இழை மொழி நிலையத்தின் எல்லா மாடிகளிலும் இந்த விதி எழுதப்படாமலே நிலவியது. புதிதாக வேலைக்குச் சேர்பவருக்கு இதை ஒருவரும் சொல்லித் தருவதில்லை; சில நாட்களில் அவரே கற்றுக்கொண்டுவிடுவார். பேச்சில் அந்தப் பெயர் வரவேண்டிய இடத்தில் சிறியதோர் இடைவெளி விழும், கேட்பவர் தலையசைப்பார், பேச்சு மேலே போகும்.

இழை என்பது ஒரு நிரல்மொழி. மதகுகள், ரயில் சமிக்ஞைகள், மருத்துவமனையின் மூச்சுக்கருவிகள் என்று மனித உயிரோடு தொடர்புடைய இயந்திரங்கள் அனைத்துக்கும் அந்த மொழியில்தான் நிரல் எழுத வேண்டும் என்பது அரசின் ஆணை. மனிதர் எழுதிய நிரலை இயந்திரத்துக்கு உரிய வடிவத்தில் மாற்றித் தருவது தொகுப்பி. ஊழியர்கள் அதைக் கம்பைலர் என்றே சொன்னார்கள். அதற்கு மற்ற மொழிகளின் தொகுப்பிகளுக்கு இல்லாத கடமை ஒன்று இருந்தது. இயங்கிக்கொண்டிருக்கும் நிரல் பிழைபட்டு நின்றால், அந்தப் பிழை எங்கே பிறந்தது, எந்தெந்தப் பகுதிகளின் வழியாகக் கடந்து வந்தது என்பதை வரிவரியாக அச்சிட்டு, ஒவ்வொரு வரியின் ஓரத்திலும் அந்தப் பகுதியை எழுதியவரின் பெயரையும் சேர்க்க வேண்டும். அதற்குப் பிழைத்தடம் என்று பெயர். பெரும் விபத்து ஒன்றுக்குப் பொறுப்பேற்க ஒருவர்கூட இல்லாமல் போன ஆண்டில் வந்த சட்டம் அது. தடத்தில் பெயர் வந்தவர் நிரலாளர் பட்டியலிலிருந்து நீக்கப்படுவார். அதன்பின் இழையில் ஒரு வரிகூட எழுத முடியாது. மக்கள் அந்தச் சட்டத்தை விரும்பினார்கள். அதில் நியாயமும் இருந்தது.

செண்பகவல்லி பிழைத்தடச் சோதனைப் பிரிவில் வேலை பார்த்தாள். வேண்டுமென்றே பிழைபடும் சிறு நிரல்களை எழுதி, தொகுப்பி அவற்றுக்குத் தரும் தடம் இருக்க வேண்டியபடி இருக்கிறதா என்று சரிபார்ப்பது அந்தப் பிரிவின் பணி. அவள் கணவரும் அதே கட்டடத்தில், மதகுப் பிரிவில் இருந்தவர். மதிய உணவுக்கு நேரமாகிவிட்டால் அவள் மாடிப்படியின் உச்சியில் நின்று அவருடைய பெயரைக் கூவுவாள். மூன்று மாடி கேட்கும். கடம்பன்துறைப் புயலின்போது வெளிவந்த தடத்தில் அவருடைய பெயர் இருந்தது. அன்று மீனவர் குடியிருப்பின் ஒரு தெருவில் அபாயச் சங்கு ஒலிக்கவில்லை. ஒரு முதியவர் வெள்ளத்தில் அகப்பட்டு இறந்துபோனார். மூன்று ஆண்டுகளாக அவள் கணவர் சமாதானபுரத்துக்கும் ரயில் சந்திப்புக்கும் இடையே ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். பயணிகளுக்கு அவர் டிரைவர். அவளுக்கோ, அலுவலகத்தில் விழுங்கிப் பழகிய பெயர் வீட்டிலும் நாவில் எழாமல் போயிற்று. பக்கத்து வீட்டுச் சிவகாமி அதைக் கவனித்து, வேறு விதமாகப் புரிந்துகொண்டு பாராட்டினாள்.

"இந்தக் காலத்துல புருஷன் பேரச் சொல்லாத பிள்ள நீ ஒருத்திதாம்மா. எங்க மருமவளும் இருக்காளே, 'டேய்'ங்கா."

செண்பகவல்லி சிரித்து வைத்தாள்.

அந்த ஆண்டு பிரிவின் தலைவி ஞானசௌந்தரி அவளுக்கு ஒரு வேலை தந்தார். காலப்போக்கில் கண்ட கண்ட இடங்களில் சேர்ந்துவிட்ட பிழைத்தடச் சோதனைகளை எல்லாம் ஒழுங்குபடுத்த வேண்டும். "பெரிய வீட்டுப் பரண் மாதிரி கெடக்கு. எறக்கித் தட்டி, எது எதுன்னு பாத்து அடுக்கு. ஒன்னால முடியும்" என்றார்.

எழுதப்பட்ட ஆண்டின்படி அடுக்கலாம், எழுதியவரின்படி அடுக்கலாம். செண்பகவல்லி வேறொரு முறையைத் தேர்ந்தாள். ஒவ்வொரு சோதனையிலும் பிழைக்கு என்ன நேர்கிறது என்று கேட்டாள். பிழை தடையின்றிக் கடந்துபோகும் சோதனைகள் ஒரு கூட்டம். வழியில் ஒரு பகுதி பிழையைப் பிடித்து, சரிசெய்து, நிரலைத் தொடர்ந்து ஓடவிடும் சோதனைகள் இன்னொரு கூட்டம். ஒரு பிழை அவ்வாறு பிடிக்கப்பட்ட பிறகு, அதற்குத் தொடர்பே இல்லாத வேறொரு பிழை வந்து நிரலை நிறுத்தும் சோதனைகள் மூன்றாவது கூட்டம். முதலிரண்டு கூட்டங்களும் நிரம்பி வழிந்தன. மூன்றாவதில் ஒரே ஒரு சோதனைதான் இருந்தது.

அதை அவள் இரண்டு முறை படித்தாள். பிறகு தலையை நிமிர்த்தாமல் இன்னொரு முறையும் படித்தாள். 

அன்று மதியம் பீர்முகமதை உணவகத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள். அவன் சட்டம் படித்தவன். தடத்தில் வரும் பெயர்களை அரசின் பதிவகத்துக்கு அனுப்புவதும் அங்கிருந்து வரும் ஆணைகளைப் பெறுவதும் அவன் பொறுப்பு. உளுந்த வடையைப் பிட்டுக்கொண்டே அவள் பேச்சைக் கேட்டவன், பாதியில் கையை உயர்த்தினான்.

"செம்பகம்க்கா, அங்கன நிறுத்துங்க. அ-ங்கிற பகுதி, ஆ-ங்கிற பகுதின்னு சொன்னீயன்னா நான் ஒண்ணாங்கிளாசுக்குப் போயிருவேன். சோத்தக் காட்டிச் சொல்லுங்க, புரியும்."

"சரி, கல்யாணப் பந்தி. சாம்பார்ல உப்பு கூடிட்டு. சமைச்சவரு கவனிக்கல, வாளியில ஊத்துனவரு கவனிக்கல, பரிமாறுனவரும் கவனிக்கல. எலையில விழுந்து சத்தம் வந்துட்டு. இந்த மூணு பேரும்தான் தடம்."

"நியாயம். மூணு பேரையும் வெளிய தள்ளணும்."

"இரு. எலைக்கு வாரதுக்கு முன்னாலயே ஒருத்தரு ருசி பாத்து, உருளைக்கிழங்கப் போட்டுக் கொதிக்கவிட்டு உப்ப எடுத்துட்டாருன்னு வையி. ஜனம் சாப்பிட்டுட்டு நல்லாருக்குன்னு போகுது. அப்பம் தடம்?"

"என்னத்துக்குத் தடம்? சாம்பாருதான் சரியாயிட்டே."

"அதான். அந்த எடத்துல தடம் அழிஞ்சிரணும். இப்பம் அதே பந்தியில பாயாசம் அடிபிடிச்சுப்போச்சு. யாரு காரணம்னு கேக்காங்க. நம்ம கம்பைலர், பாயாசம் கிண்டுனவரு பேரோட, பழைய சாம்பார்க்காரங்க பேரையும், உருளைக்கிழங்கு போட்டவரு பேரையும் சேத்து எழுதுது."

பீர்முகமது வடையைத் தட்டில் வைத்தான். "அவரு என்ன செஞ்சாரு? அவருதான காப்பாத்துனாரு?"

"பிடிச்ச பிறகு பழைய தடத்த அழிக்கணும்ங்கிறத நம்ம கம்பைலர் மறந்துட்டு."

"சோதனை எதுக்கு இருக்கு அப்பம்? தெனமும் காலையில 'சரி, சரி'ன்னு வாசிக்கோமே."

அதுதான் அந்த அலுவலகத்தாரால் மட்டுமே செய்யக்கூடிய தவறு. சோதனை ஒன்றை எழுதியதும், அதன் சரியான விடை எது என்பதையும் கூடவே எழுதி வைக்க வேண்டும். தடங்கள் நீளமானவை, கையால் எழுத நேரம் பிடிக்கும். எனவே சோதனையை ஒருமுறை ஓட்டி, தொகுப்பி தரும் தடத்தை மேலோட்டமாகப் பார்த்து, சரிபோலத் தோன்றினால் அதையே விடையாக ஒப்புக்கொள்வது வழக்கமாகிவிட்டது. இந்தச் சோதனையிலும் தொகுப்பி தந்த தவறான தடம்தான் சரியான விடையாக அமர்ந்திருந்தது. ஒவ்வொரு காலையும் தொகுப்பி அதே தவறைச் செய்தது; அதே தவறோடு ஒப்பிடப்பட்டது; தேர்ச்சி பெற்றது.

பீர்முகமதின் முகம் மெல்ல மாறியது. "அக்கா, கடம்பன்துறையில ரெண்டு பிழை வந்துச்சுல்லா. மொதல்ல ஆத்துல தண்ணி எவ்வளவுன்னு அளக்குத கருவி கெட்டுப்போச்சு. பொறவுதான் சங்கு. அப்பம் நம்ம..." இடைவெளி விழுந்தது. "...அவிய உருளைக்கிழங்கு போட்டவரா?"

"அவிய எழுதின பகுதிதான் கெட்டுப்போன கருவிய விட்டுட்டு, மேல இருக்கிற அடுத்த கருவியக் கேட்டு மதகத் தெறந்திருக்கு. தெறக்காட்டி ஒரு தெருவுக்குச் சங்கு ஊதலங்கிற பேச்சே இருந்திருக்காது. ஊதுறதுக்குத் தெருவே இருந்திருக்காது."

"அப்பம் பதிவு செய்யுங்க. இப்பமே எழுதித் தாங்க, நான் அனுப்புதேன்."

செண்பகவல்லி தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "சத்தமில்லாமத் திருத்துனா இனிமே வார தடம் மட்டும்தான் சரியாவும். பழசத் தெறக்கணும்னா முறைப்படி பதிவு செய்யணும். பதிவு செஞ்சா, இந்தத் தவறுக்கும் ஒரு தடம் வரும்லா? அதுல ஒரே ஒரு பேருதான் இருக்கும். விடைய ஒப்புக்கிட்டவங்க பேரு."

யார் என்று அவன் கேட்கவில்லை. உணவகத்தின் கண்ணாடிக்கு அப்பால், ஞானசௌந்தரி தம் அறையில் நின்றபடி சாத்துக்குடியை உரித்துக்கொண்டிருந்தார்.

இரண்டு நாட்கள் கழிந்தன. மூன்றாவது கூட்டத்தை அவள் வெறுமையாகவே விட்டுவைத்திருந்தாள். அதை முதலில் கவனித்தவர் ஞானசௌந்தரிதான்.

"ஏட்டி, மூணாவதுல ஒண்ணுமே போடலியே. மறந்துட்டியா?"

"ஒரே சோதனைதான்க்கா இருக்கு."

"ஒண்ணா இருந்தா போடப்பிடாதா? எங்க, காட்டு."

திரையின் மேல் விரலை வைத்து, பள்ளிப் பிள்ளையைப் போல் ஒவ்வொரு வரியாக அவர் படித்தார். விரல் ஓரிடத்தில் நின்றது, மேலே போயிற்று, திரும்பவும் இறங்கி அதே இடத்தில் நின்றது.

"இத நான்தான் ஒப்புக்கிட்டிருக்கேன்."

"ஆமாக்கா."

"பாத்தா சரி மாதிரித்தான் இருந்திருக்கும்." அவர் கண்ணாடியைக் கழற்றினார். "பரீச்ச எழுதுனவன்கிட்டயே தாளக் குடுத்துத் திருத்தச் சொல்லியிருக்கேன். அவனும் நூத்துக்கு நூறு போட்டிருக்கான். ஒனக்கு எப்பம் தெரியும்?"

"முந்தாநேத்து."

"முந்தாநேத்து தெரிஞ்சிக்கிட்டு இன்னைக்கு வர வாயத் தெறக்கலியே. நீ சொல்லாட்டி..." அவள் கணவரின் பெயர் வரவேண்டிய இடத்தில் இடைவெளி விழுந்தது.

"சொன்னா நீங்க..." என்றாள் செண்பகவல்லி. அங்கும் விழுந்தது. வரப்போகும் ஒன்றுக்காக முன்கூட்டியே விழுந்த இடைவெளி அது. இருவரும் அதைக் கேட்டார்கள்.

"சத்தமில்லாமத் திருத்திருவோம்க்கா. அவியளுக்கு ஆட்டோ பழகிப்போச்சு. நாங்க நல்லாத்தான் இருக்கோம். நீங்க இருக்கப்போயிதான் நான் இந்த நாற்காலியில இருக்கேன்."

அவள் மெய்யாகவே சொன்னாள். கணவரின் பெயர் நீக்கப்பட்ட வாரத்தில் அவள் எதிரே அமர்ந்து உண்ண ஆளில்லாதிருந்தபோது, தம் டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு வந்து அமர்ந்தவர் ஞானசௌந்தரி. கத்தரிக்காய்ப் பொரியலில் பாதியை அவள் பக்கம் தள்ளிவைத்தார்.

ஞானசௌந்தரி கண்ணாடியை மறுபடியும் மாட்டிக்கொண்டார். "கடம்பன்துறை மட்டும்னு நெனச்சியோ? ரெண்டு பிழை ஒண்ணா வந்த தடம் நாடு பூராவும் எத்தன இருக்கும். அதுல பிடிச்சுச் சரிபண்ணினவங்க எத்தன பேரு வீட்டுல இருப்பாங்க. அவங்க வீட்டுலயும் ஒருத்தி இருப்பாள்லா, பேரச் சொல்ல மாட்டாம." விசைப்பலகையைத் தம் பக்கம் இழுத்தார். "தள்ளி உக்காரு. நானே எழுதுதேன்."

"அக்கா."

"அழப்பிடாது. நீ அடுக்கலன்னா இது இன்னும் எத்தன வருசத்துக்குச் 'சரி'ன்னு சொல்லிக்கிட்டே கெடக்குமோ. நல்லா அடுக்கியிருக்க. நானா இருந்தா ஆண்டு வாரியா அடுக்கியிருப்பேன். இது கண்ணுலயே பட்டிருக்காது."

பதிவு அன்றே மேலே போயிற்று. மறுநாள் அதற்கான தடம் வந்தது. அதில் ஒரே ஒரு வரி. ஒரே ஒரு பெயர். மாத இறுதிவரை பொறுப்புகளை ஒப்படைப்பதற்காக அவர் அலுவலகம் வரலாம் என்று ஆணையில் இருந்தது. அவர் வந்தார். தேநீர் கொண்டுவருபவர் அவருடைய மேசையில் கோப்பையை வைத்துவிட்டுப் போனார்; "மேடம்" என்ற சொல் அன்றுமுதல் கேட்கவில்லை. யாருக்கும் அவர்மேல் வெறுப்பு இல்லை. சிலருக்குக் கண் கலங்கியும் இருந்தது. ஆனால் பழக்கம் இரக்கத்தை விட வேகமானது. நாக்கு எழுவதற்குள் இடைவெளி வந்து அமர்ந்துகொண்டது.

பழைய தடங்கள் திறக்கப்பட்டன. திருத்திய தொகுப்பியைக் கொண்டு கடம்பன்துறையின் நிகழ்வுகளை மறுபடியும் ஓட்டிய பதிவகம், ஆணையையும் புதிய தடத்தையும் அனுப்பியது. பீர்முகமது அவற்றை அவள் கையில் கொடுத்தபோது ஏதோ சொல்ல வாயெடுத்தான். முதலில் வீட்டுக்குப் போகட்டும் என்று விட்டுவிட்டான்.

மாலையில் அவள் கணவர் வாசலில் ஆட்டோவைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவள் ஆணையைப் படித்தாள். தடத்தைத் தாமே பார்ப்பதற்காக அவர் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு வாங்கினார். சங்கைப் பற்றிய வரிகள் இருந்தன. மதகைப் பற்றி ஒன்றுமே இல்லை.

"நான் எங்கயுமே இல்லியே."

"எங்கயும் இல்ல."

அவர் சிரித்தார். மூன்று ஆண்டுகளில் அவள் கேட்காத சிரிப்பு. "அப்பம் சரியாத்தான் பிடிச்சிருக்கேன். சரியாப் பிடிச்சா ஒண்ணும் மிஞ்சப்பிடாது."

"மதகத் தெறந்தது யாருன்னு ஒரு வார்த்த போட்டிருக்கலாம். இப்பம் அதுக்குச் சாட்சியே இல்லாமப் போச்சே."

"பழைய தடம் இருந்துச்சே, நமக்கு அது போதாதா? நீயே யோசிச்சுப் பாரு. கம்பைலர் ஒழுங்கா இருந்திருந்தா, என் வரி அன்னைக்கு ஓடுச்சா இல்லியான்னு எனக்கே தெரிஞ்சிருக்காது. தப்பாத்தான் சொல்லுச்சு. ஆனா அது ஒண்ணுதான் சொல்லுச்சு." ஆட்டோவின் கைப்பிடியைத் தட்டிக்கொடுத்தார். "மீன்காரங்க தெரு நிக்குதுல்லா. நான் கொடுத்துவச்சவன்தான்."

அவளுக்கு ஏதாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. அவளை அறியாமலே, மாடிப்படியின் உச்சியில் நின்று கூவும் அந்தக் குரல் வந்துவிட்டது.

"நெல்லையப்பா, உள்ள வா, காப்பி போடுதேன்."

பக்கத்து வீட்டில் பாத்திரம் கழுவும் ஓசை நின்றது. சிவகாமியின் தலை சுவருக்கு மேல் தெரிந்தது.

"என்ன பிள்ள, நீயுமா?"

நெல்லையப்பனால் சிரிப்பை அடக்க முடியவில்லை. காப்பி குடித்து முடித்த பிறகுதான் சிரிப்பு அடங்கி அவர் கேட்டார்.

"சரி. எனக்காக அவிய தலையக் குடுத்துட்டாவளே. நீ..." இடைவெளி விழுந்தது. "...அவியளுக்கு என்ன செய்யப்போற?"

அந்த விதியால் மூன்று ஆண்டுகள் பெயரற்றிருந்த மனிதரும் அதைத்தான் கடைப்பிடித்தார். செண்பகவல்லி டம்ளரைக் கழுவப் போனாள்.

மறுநாள் காலை வாசிப்புக்கு முன், படியில் காத்திருந்த பீர்முகமது முந்தைய நாள் விழுங்கியதைச் சொன்னான்.

"அக்கா, ஒண்ணு சொல்லணும். சொல்லப்பிடாதுன்னு எனக்கு உத்தரவு. உத்தரவு போட்டவங்க பேரச் சொல்ல முடியாததால அந்த உத்தரவும் செல்லாதுன்னு வச்சிக்கிட்டேன்."

"வக்கீல் புத்தி. சொல்லு."

"நெல்லையப்பண்ணன நீக்குனதும், ஒங்களையும் இங்கேருந்து மாத்தச் சொல்லி மேல இருந்து ஆணை வந்துச்சு. ஒரு தடவ இல்ல, ஒவ்வொரு வருசமும். அவியதான் 'இவ இல்லாம என் பிரிவு ஓடாது, வேணும்னா என்ன மாத்துங்க'ன்னு எழுதித் திருப்பி அனுப்புனாவ. ஒங்க காதுக்கு வரக் கூடாதுன்னுட்டாவ."

மூன்று ஆண்டுகளாக ஒன்றுமே நடக்கவில்லை என்று அவள் நினைத்திருந்தாள். ஒன்றும் நடக்காதபடி ஒருவர் பிடித்துக்கொண்டே இருந்திருக்கிறார்.

"பீரு, பேரச் சொல்லப்பிடாதுன்னு சட்டத்துல எங்க இருக்கு?"

"அதையும் பாத்துட்டேன். பூரா சட்டத்தையும் தேடிட்டேன்க்கா. எங்கயுமே இல்ல."

காலை வாசிப்பு அந்தப் பிரிவின் வழக்கம். எல்லோரும் கூடத்தில் கூடுவார்கள். ஒவ்வொரு சோதனையின் தலைப்பும், அதை எழுதியவரின் பெயரும் வாசிக்கப்படும். விடை பொருந்தினால் எல்லோரும் சேர்ந்து "சரி" என்பார்கள். முன்வரிசையின் நடு நாற்காலி பிரிவின் தலைவிக்கு உரியது. அன்று அது காலியாக இருந்தது. அவர் பின்சுவரின் அருகே, குடிநீர் இயந்திரத்துக்குப் பக்கத்தில், கைப்பையை மார்போடு அணைத்தபடி நின்றுகொண்டிருந்தார். அவரை யாரும் விலக்கவில்லை. அமரச் சொல்ல வேண்டுமானால் அழைக்க வேண்டும், அழைக்க வேண்டுமானால் ஏதாவது சொல்லி அழைக்க வேண்டும்.

முதலிரண்டு கூட்டங்களும் வாசிக்கப்பட்டன. "சரி"கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. மூன்றாவது கூட்டம் செண்பகவல்லி புதிதாக எழுதியது. அதன் விடைகளைத் தொகுப்பியிடம் கேட்காமல், ஒவ்வொன்றையும் யோசித்துக் கையால் எழுதியிருந்தாள். வாசிக்க அவளே எழுந்தாள்.

"பிடிக்கப்பட்ட பிழைக்குப் பின் வேறொரு பிழை. முதல் பிழையின் தடம் அழிய வேண்டும். எழுதியவர் செண்பகவல்லி."

"சரி" என்றது கூடம்.

அவள் உட்காரவில்லை. தாளை மடித்துக் கையில் வைத்துக்கொண்டாள்.

"இதுல இன்னும் ஒரு பேரு வாசிக்கணும். எந்தத் தடமும் அத எழுதாது. ஒருத்தரு பிடிச்சுச் சரிபண்ணினத இயந்திரம் எப்பவும் ஞாபகத்துல வச்சுக்கிடாது. அது அப்படித்தான் இருக்கணும்னு இப்பம்தான் நாமளே திருத்தி எழுதியிருக்கோம். அதனால அது மனுசங்க சொல்லவேண்டிய வேல."

கூடத்தில் பலர் நாற்காலிகளில் நெளிந்தார்கள். யாரோ இருமினார்கள். பேச்சில் எங்கே இடைவெளி விழப்போகிறது என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அதற்காகத் தலையசைக்கவும் ஆயத்தமாக இருந்தார்கள். செண்பகவல்லி நடு நாற்காலியை இழுத்து நேராகப் போட்டாள். பின்சுவரை நோக்கித் திரும்பினாள். மூன்று மாடிக்குக் கேட்கும் குரலில் சொன்னாள்:

"ஞானசௌந்தரி அக்கா, என்ன அங்கன நிக்கிய? முன்னால வந்து உக்காருங்க."